இரும்பு வேண்டாம்

"நாலு மாசத்துல இது மூணாவது. நீ மெஷின் ஓட்டறியா, கரும்பு ஆட்டறியாம்மா?"

பல் உடைந்த நைலான் சக்கரத்தை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார் இருதயராஜ். மேசைமேல் வைத்து உலோகம் குடையும் சின்ன மில்லிங் மெஷின்களுக்குப் பல்சக்கரம் செய்து தர, திண்டிவனத்தில் அவர் பட்டறையை விட்டால் வேறு ஆள் கிடையாது. அந்தப் பெருமை அவர் பேச்சில் எப்போதும் கொஞ்சம் தூக்கலாகவே இருக்கும்.

எதிரே நின்ற வெண்ணிலா விழுப்புரம் பக்கமிருந்து பஸ் ஏறி வந்திருந்தாள். வீட்டிலேயே அலுமினியத்தில் சோப்பு அச்சு வெட்டிக் கொடுக்கிறவள். சனிக்கிழமைக்குள் ஆறு அச்சு தராவிட்டால் ஆர்டர் வேறு ஆளுக்குப் போய்விடும்.

ஓடும்போதே கியரை மாற்றினாயா, தூள் உள்ளே போனதா என்று துருவித் துருவிக் கேட்டார். அதெல்லாம் இல்லை, அவசரத்தில் ஆழமாக வெட்டப் போய் கட்டர் சிக்கிக்கொண்டது என்று அவளே ஒப்புக்கொண்டாள்.

"கட்டர் சிக்குச்சுன்னா நைலான் பல்லு தாங்காதும்மா, பொலபொலன்னு கொட்டிடும்" என்றவர், காகிதத்தில் சுற்றியிருந்த இரும்புச் சக்கரத்தை எடுத்து நீட்டினார். போன முறை அவள் கிளம்பியதுமே அவளுக்காக வெட்டி வைத்தது.

அவள் கை நீட்டவில்லை. நைலானே போதும் என்றாள். அதை வெட்ட நாலு நாள் ஆகும், சனிக்கிழமை தாண்டிவிடும் என்று பயமுறுத்திப் பார்த்தார். ஆர்டர் போனால் போகட்டும், காத்திருக்கிறேன் என்றாள். இருதயராஜுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. நல்லது சொன்னால் கேட்காதவர்களைக் கண்டாலே அவருக்கு ஆகாது.

"கோலியனூர்ல தென்னரசுன்னு ஒருத்தரு. உன்ன மாதிரிதான், மாசாமாசம் ஒடஞ்சதைத் தூக்கிக்கினு வருவாரு. வேணாம் வேணாம்னாரு, நான்தான் வற்புறுத்தி இரும்பு போட்டு அனுப்புனேன். ரெண்டு வருஷமாச்சு, அப்புறம் இந்தப் பக்கமே வரல. வேணும்னா போய்க் கேட்டுப் பாரு."

வெண்ணிலா அந்த இரும்புச் சக்கரத்தை அவர் பக்கமே தள்ளினாள்.

"அவரு என் வீட்டுக்காரர்தாங்க. சட்டை கட்டர்ல மாட்டிக்கிச்சு. நைலானா இருந்திருந்தா பல்லு ஒடஞ்சு நின்னிருக்கும், இரும்பு நிக்கல. அவருக்கு வலது கை போனப்புறம்தான் நான் மெஷின் ஓட்டக் கத்துக்கினேன்."