உச்சிவேளைக் குரல்

"கெண்டைக்காலு ரெண்டும் கல்லாட்டம் இறுகிப் போச்சு சிஸ்டர். இன்னும் ஒருத்தரைத் தூக்கச் சொன்னா நானே வுழுந்துடுவேன்" என்றாள் ஆயா கெங்கம்மாள்.

"வுழுந்தா படுக்கப் பாய்கூடக் கெடையாது. நின்னுக்கோ" என்றாள் நர்ஸ் சகுந்தலா.

எண்பத்தொன்றாம் வருஷம், சித்திரை மாதம். ஜவ்வாது மலை முழுக்க வாந்திபேதி. பத்துக் கட்டில் ஆஸ்பத்திரியில் அறுபது பேர். வராந்தா நிரம்பி, புளியமரத்தடியிலும் கிடந்தார்கள். டாக்டர் சலைன் பாட்டில் கேட்டு ஜீப்பில் வேலூர் போயிருந்தார். மிச்சம் இவர்கள் இரண்டு பேர்தான்.

உச்சிவேளையில் வாளி கழுவப் பின்பக்கம் போன கெங்கம்மாள், போன வேகத்தில் திரும்பி வந்தாள்.

"சிஸ்டர்... பொணக் கொட்டாயில தண்ணி கேக்குது."

"மூணு நாளா தூங்கல இல்ல? காது அப்டித்தான் கேக்கும்."

"இல்ல சிஸ்டர். காலைல ஒரு பொம்பளைப் பொணம் வந்துச்சே, அதான். 'யக்கா, தண்ணி'ன்னு கூப்டுது."

"பொணத்துக்கு இன்னாத்துக்குத் தண்ணி? உசுரோட கீறவங்களுக்கே பத்தல. போய் வாளியக் கழுவு."

கொஞ்ச நேரத்தில் மறுபடியும் அந்தக் குரல். இந்தத் தடவை சகுந்தலாவுக்கும் ஏதோ கேட்ட மாதிரி இருந்தது. எழுந்தாள். கெங்கம்மாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"போவாதீங்க! மூணு வாட்டி கூப்டற வரைக்கும் வாயத் தொறக்கக் கூடாது. தொறந்தா கூடவே வூட்டுக்கு வந்துடும். எம் பொண்ணு நெறமாசம் சிஸ்டர்!"

அந்த நேரம் பார்த்து ஒரு பெரியவருக்கு இழுப்பு வந்தது. சகுந்தலா அங்கே ஓடினாள்.

கெங்கம்மாள் கொட்டாய்க் கதவில் வேப்பிலையைச் செருகிவிட்டு, நாக்கைக் கடித்துக்கொண்டு நின்றாள். மூன்றாவது கூப்பாடு வெறும் காற்றாக வந்தது. அதற்கப்புறம் சத்தமே இல்லை.

"போய்டுச்சு சிஸ்டர்" என்று வந்து சொன்னாள். அப்போதுதான் அவளுக்கு மூச்சு வந்தது.

பொழுது சாயும்போது மலைக்கு மேலே நெல்லிவாசல் ஊரிலிருந்து தாண்டவராயன் தன் அம்மாவைக் கம்பில் துணி கட்டிய டோலியில் தூக்கிக்கொண்டு ஆட்களோடு வந்தான்.

"யம்மா, எம் பொண்டாட்டி, சின்னக்குழந்தைன்னு பேரு, அவளுக்கு இப்ப எப்டிக்கீது? காலைல பின்னால கொட்டாயில எறக்கச் சொன்னீங்களே, எறக்கிட்டு அம்மாவத் தூக்கியார ஓடிட்டேன்" என்றான் கெங்கம்மாளிடம்.

கெங்கம்மாள் கையிலிருந்த வாளியைக் கீழே வைத்தாள். "கால முன்னாடி வச்சித் தூக்கியாந்தீங்களேப்பா... பொணத்தத்தான அப்டிக் கொண்டாருவாங்க?"

"எறக்கத்துல தல தாழ்ந்தா வாந்தி மூச்ச அடைக்கும்னு திருப்பிப் புடிச்சோம்மா. வழியெல்லாம் தண்ணி கேட்டுக்கினே வந்தா. குடுத்தீங்களா?"

கெங்கம்மாள் போய்க் கொட்டாய்க் கதவில் செருகிய வேப்பிலையைப் பிடுங்கினாள். சின்னக்குழந்தைக்கு ஒரு டம்ளர் தண்ணீர் பாக்கி.