இரும்புப் பெட்டியும் புதுக் குடித்தனக்காரரும்

ஓர் உடம்புக்குள் இரும்பைச் சேர்த்து வைக்கிற பெட்டி ஒன்று இருந்தது. கேட்டவர்களுக்கெல்லாம் அள்ளிக் கொடுக்கும். ஆனால் காய்ச்சல் அடித்தால் மூடியைச் சாத்திவிடும். கூடப் பிறந்தவர்கள் வந்தாலும் திறக்காது.

அன்றும் காய்ச்சல். பக்கத்துத் தெரு உயிரணு வெளுத்துப்போய் வந்து நின்றாள்.

"அக்கா, கொஞ்சம் இரும்பு குடேன். மயக்கமா வருது."

பெட்டிக்கு மனசு கேட்கவில்லை. மூடியை லேசாகத் தூக்கியது. அப்போது உயிரணுவின் முதுகுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் கெஞ்சியது.

"எனக்கு ஒண்ணும் வேண்டாங்க. இந்தப் பொண்ணுக்குக் குடுங்க. பாக்கவே பாவமா இருக்கு."

"நீ யாருப்பா?"

"வைரஸுங்க. நேத்துதான் இவங்க வீட்டுக்குக் குடி வந்தேன்."

ஒரு நாள் பழக்கத்துக்கு இவ்வளவு அக்கறையா? பெட்டிக்கு எங்கேயோ இடித்தது.

"வீட்டுல எத்தனை பேரு?"

"இப்ப நான் ஒருத்தன்தான். இரும்பு வந்துட்டா குடும்பம் பெருகிடுங்க."

பெட்டி மூடியை இறுக்கிச் சாத்தியது. "கல்நெஞ்சுக்காரி!" என்று திட்டிக்கொண்டே போனாள் உயிரணு. வைரஸ் அவளைத் தேற்றிக்கொண்டே கூடப் போனது.

நாலு நாளில் காய்ச்சல் விட்டது. உயிரணு தனியாக வந்தாள்.

"உன் குடித்தனக்காரர் எங்கே?"

"காலி பண்ணிட்டுப் போயிட்டார் அக்கா. இரும்பில்லாத வீட்டுல குடும்பம் நடத்த முடியலையாம்."

பெட்டி நிம்மதியாகத் திறந்து, கை நிறைய இரும்பை அள்ளியது.

"தங்கமான ஆளுக்கா," என்று உயிரணு கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இரும்பு கிடைச்சா ஒரு வார்த்தை சொல்லி அனுப்பச் சொன்னார். வர்ற வழியில அவர் தம்பியைப் பார்த்தேன், இன்னைக்குக் கிடைச்சிடும்னு சொல்லிட்டேன்."

அள்ளிய கை அப்படியே நின்றது.