மூன்றாவது கால்

ஸ்டாண்டின் மூன்றாவது கால் மறுபடியும் வழுக்கியது.

கேமராக்காரர் முழங்காலை அதன்மேல் அழுத்தினார். லென்ஸ் இரண்டு விரற்கடை இறங்கி நின்றது. மைக்கின் முன்னால் பேசிக்கொண்டிருந்த பெரியவரின் தலை படத்திலிருந்து வெட்டுப்பட்டது. கைப்பிடியை மெல்லத் தூக்கிச் சரிசெய்தார்.

விருத்தாசலத்தில் ஒரு கல்யாண மண்டபம். சுரங்கத்துக்கு நிலம் எடுப்பது பற்றி ஜனங்களிடம் கருத்துக் கேட்கிற கூட்டம். கூட்டம் மறைக்கக்கூடாது என்று, சாப்பாட்டு மேசைகள் இரண்டை ஒட்டிப்போட்டு அதன்மேல் அவரையும் ஸ்டாண்டையும் ஏற்றிவிட்டிருந்தார்கள்.

தோளில் வைத்து எடுக்கிற பெரிய கேமரா. லைட்டு, உச்சியில் இருந்த சின்ன மைக்கு, பேட்டரி எல்லாம் சேர்த்து ஏழு கிலோ. அதைத் தாங்குகிற நல்ல ஸ்டாண்டு காலையிலேயே திட்டக்குடிக் கல்யாணத்துக்குப் போய்விட்டது. ஸ்டுடியோவில் மிச்சமிருந்தது இதுதான். மூன்றாவது காலில் திருகின் மரை தேய்ந்திருந்தது. மேலே தட்டும் ஆடியதால் கேமராவை அதோடு சேர்த்துக் கயிறு போட்டுக் கட்டியிருந்தார்.

"நடுவுல கனம் தொங்கவுட்டா ஆடாம நிக்கும்" என்று முதலாளி நாசர், செராமிக் கம்பெனியில் கழித்துப்போட்ட பீங்கான் ஃபியூஸ் கட்டைகளைப் பை நிறையக் கட்டிக் கொடுத்திருந்தார்.

கனம் கூடியதும் கால் இன்னும் வேகமாக இறங்கியது. பத்தாவது நிமிடமே பையைக் கழற்றிப் போட்டுவிட்டார்.

மேசைக்கு நேர் கீழே ஒரு பெண் தரையில் உட்கார்ந்திருந்தாள். மடியில் கைக்குழந்தை தூங்கியது.

"யம்மா, கொஞ்சம் தள்ளி ஒக்காருங்க. ஸ்டாண்டு சரியில்ல."

"எங்கண்ணா தள்றது? எடம் எங்க இருக்குது?"

உண்மைதான். வாசல்வரை தலைகள்.

மேடையில் அதிகாரி ஒருவர் உட்கார்ந்திருக்க, பக்கத்தில் எழுத்தர் பெயர்களை வாசித்தார். ஒரு பெயரை மூன்று தடவை கூப்பிடுவார். ஆள் வந்தால் மைக்கில் பேசலாம். வராவிட்டால் பதிவேட்டில் ஏதோ எழுதிவிட்டு அடுத்த பெயருக்குப் போய்விடுவார்.

அவர் பக்கத்தைத் திருப்பும்போதெல்லாம் கேமராக்காரர் கேமராவிலிருந்து கண்ணை எடுத்து மேடையைப் பார்த்தார். காலையிலிருந்து ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

டேப் மாற்றுவதற்காகக் கூட்டத்தை இரண்டு நிமிடம் நிறுத்தினார்கள். எழுத்தர் மேசையருகே வந்து நின்றார்.

"எத்தனாவது நம்பர் ஓடுது சார்?"

"நாப்பத்தொண்ணு. ஏன், டேப் பத்தாதா?"

"பத்தும் சார்."

ஸ்டாண்டைப் பிடித்துக்கொள்ள ஓர் ஆள் கிடைக்குமா என்று கேட்க வாயெடுத்தார். அதற்குள் எழுத்தர் மேடைக்குத் திரும்பிவிட்டார்.

நாற்பத்திரண்டு. சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு ஒரு விதவை பேசினார். நாற்பத்து மூன்று. வெளிநாட்டிலிருக்கும் மகனுக்காக ஒரு தகப்பனார்.

"நாப்பத்து நாலு. கருப்பன் மகன் பாலகிருஷ்ணன்."

கேமராக்காரர் முழங்காலை எடுத்தார். கால் சர்ரென்று நான்கு விரற்கடை இறங்கியது. கேமரா குழந்தையிருந்த பக்கம் சாய்ந்தது. இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்தார்.

"பாலகிருஷ்ணன்."

கழற்றிக் கீழே வைத்துவிடலாம். கயிற்றை அவிழ்க்க இரண்டு கையும் வேண்டும்.

கூட்டத்தின் ஒரு மூலையில் இருந்த பாலகிருஷ்ணனின் ஊர்க்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு எல்லோரும் ஒன்றாகத் திரும்பி மேசைகளைப் பார்த்தார்கள்.

"பாலகிருஷ்ணன். இல்லியா?"

"இருக்கேங்க சார்!"

அதிகாரி கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தார். "நீதானாய்யா? மைக்குக்கு வா."

"வர முடியாதுங்க. வுட்டா கொழந்த தலையில வுழுந்துடும்."

யாரோ சிரித்தார்கள். ஊர்க்காரர் ஒருவர் ஓடிவந்து மேசையில் ஏறக் காலை வைத்தார். ஒட்டிப்போட்ட மேசைகள் விலகின. ஸ்டாண்டு ஒரு சுற்று ஆடியது. கீழே அந்தப் பெண் குழந்தையைக் குனிந்து மூடிக்கொண்டாள்.

"ஏறாதீங்க! யாரும் ஏறாதீங்க!"

ஏறியவர் இறங்கிக்கொண்டார். மைக்கில் பேசினால்தான் பதிவாகும் என்றார் அதிகாரி. எழுத்தர் குனிந்து, பதிவேட்டில் 'ஆஜராகவில்லை' என்று எழுதினார்.

பாலகிருஷ்ணன் ஸ்டாண்டைக் கட்டிக்கொண்டு நின்ற இடத்திலிருந்தே பேசினார். மின்விசிறிகளின் இரைச்சலில் முன்வரிசைக்குக்கூட அது எட்டவில்லை. அவர் முடிப்பதற்குள் நாற்பத்தைந்தாவது பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

சாயங்காலம், ஆபீசுக்கு அனுப்புவதற்குமுன் நாசர் ஸ்டுடியோவில் டேப்பைப் போட்டுப் பார்த்தார். மைக்கில் பேசியவர்கள் எல்லோருடைய குரலும் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்டது. பாதிப் பேச்சை மின்விசிறி தின்றிருந்தது.

ஓரிடத்தில் படம் சாய்ந்து குலுங்கி நின்றது. மைக் மட்டும் கோணலாகத் தெரிந்தது. முன்னால் யாருமில்லை.

பிறகு ஒரு குரல், மூச்சு வாங்குவதுகூடக் கேட்கிற அளவுக்கு, ஸ்டுடியோ முழுக்க நிறைந்தது.

"எம்பேரு பாலகிருஷ்ணன். ஒன்னேகால் ஏக்கரு. மல்லாட்ட போட்டிருக்கேன், பத்து நாள்ல புடுங்கணும். நான் குடுக்க மாட்டேங்க."