பக்கம் 214, பத்து மணிக்குள்

ஆறு மணிக்கு எழுந்தான். பல் தேய்த்தான். டீ போட்டுக் குடித்தான். டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தான். துணி காயப்போட்டான். எட்டரைக்கு மேசையில் உட்கார்ந்தான்.

கம்ப்யூட்டருக்குக் கட்டளை எழுதக் கற்றுத்தரும் புத்தகம். எழுதியவள் அவன் மனைவி. சரிபார்ப்பவன் அவன். வெளியிடுபவர் அவளுடைய அண்ணன். தப்பு வந்தால் வெளியாளைத் திட்ட வழியில்லை.

பத்து மணிக்குள் கோப்பு அச்சகத்துக்குப் போயாக வேண்டும். தவறினால் பள்ளிப் பாடநூல்கள் இயந்திரத்தில் ஏறிவிடும். பிறகு இரண்டு மாதம் கிட்டே நெருங்க முடியாது.

ஏற்கெனவே மூன்று முறை தள்ளிப்போன புத்தகம். மூன்று முறையும் தள்ளிப்போட்டவன் அவன்தான்.

மேசையில் ஒரு பழைய லேப்டாப் இருந்தது. பெயர் பலியாடு. புத்தகத்தின் ஒவ்வொரு கட்டளையையும் அச்சுத் தாளைப் பார்த்துத் தட்டி, பலியாட்டில் ஓட்டிப் பார்த்த பிறகே விடுவது அந்த வீட்டு வழக்கம். கோப்பிலிருந்து நகலெடுத்து ஒட்டினால் செல்லாது. படிக்கிறவன் தாளைப் பார்த்துத்தானே தட்டுவான்?

யானை நுழைந்துவிட்டது, வால்தான் பாக்கி. பக்கம் 214. படங்கள் என்ற ஃபோல்டருக்குள் இருக்கும் பழையவை என்ற ஃபோல்டரை மட்டும் அழிக்கும் கட்டளை.

நீளமான கட்டளை. தாளில் இடம் போதாமல் இரண்டு வரியாக முறிந்திருந்தது: படங்கள் என்பதோடு முதல் வரி முடிந்து, பழையவை அடுத்த வரிக்குப் போயிருந்தது. அச்சில் கண்டபடியே முதல் வரியைத் தட்டி என்டரை அழுத்தினான்.

படங்கள் ஃபோல்டரையே காணோம்.

இரண்டாம் வரிக்குப் போவதற்குள் மொத்தமும் போயிருந்தது. ஆயிரம் பேர் இதைத் தட்டினால் ஆயிரம் வீட்டுக் கல்யாணப் படமும் காற்றோடு போகும்.

மணி ஒன்பது நாற்பது. போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டான்.

"மாப்ள, கோப்பு வருதா, இல்ல நான் ஊரை விட்டு ஓடிடட்டுமா? பிரஸ்காரன் உயிரை எடுக்கறான்."

"இருங்க மச்சான், இருங்க! ஆயிரம் பேர் குடியைக் கெடுக்க இருந்தோம்!"

அந்தக் கட்டளையின் எழுத்தை மட்டும் அரைப் புள்ளி சிறிதாக்கினான். போதவில்லை. இன்னும் அரைப் புள்ளி. மிச்சமிருந்த சொல் துள்ளி மேலேறியது. ஒரே வரி! பக்கத்தை அச்செடுத்தான். பலியாட்டில் படங்களைத் திரும்ப ஏற்றினான். தட்டினான். என்டர்.

பழையவை போயிற்று. மற்ற படங்கள் அத்தனையும் அப்படியே இருந்தன.

நாற்காலி பின்னால் சாய எழுந்து கத்தினான். "பாத்தியா! பிடிச்சுட்டேன் பாத்தியா!"

"யார்கிட்ட பேசறீங்க மாப்ள?"

பக்கத்து நாற்காலி காலி. பதினோரு மாதமாகக் காலி.

மச்சானின் குரல் தணிந்தது. "ஒண்ணு இருந்தா ஒம்பது இருக்கும். இன்னும் ரெண்டு மாசம் பொறுமையாப் பாருங்க. பிரஸ்காரன் திட்டினா நான் வாங்கிக்கறேன். ஒரு தப்புகூட இருக்கக் கூடாதுன்னு தங்கச்சி கடைசியாச் சொன்னதை மீற எனக்கு மனசு வரல."

அது மச்சான் தன் காதால் கேட்டதல்ல. அன்று ஆஸ்பத்திரியில் அவர் மருந்து வாங்கக் கீழே போயிருந்தார். அவன் சொல்லித்தான் அவருக்குத் தெரியும். மூன்று முறையும் அதைச் சொல்லியே தள்ளிப்போட்டிருந்தான்.

மணி ஒன்பது ஐம்பத்தாறு. கோப்பை அனுப்பினான்.

"போயிடுச்சு மச்சான். அடிக்கச் சொல்லுங்க."

"அப்ப அவ சொன்னது?"

"அவ அப்படிச் சொல்லல மச்சான்."

ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குப் பக்கத்தில், மடியில் தாள் கட்டோடு சிவப்புப் பேனாவால் திருத்திக்கொண்டிருந்தவனைப் பார்த்து, மூச்சு வாங்க வாங்க அவள் சொன்னதை இப்போதுதான் முதல் முறையாக வாய்விட்டுச் சொன்னான்.

"தப்பிருந்தா படிக்கிறவன் திட்டி மெயில் போடுவான். நீ முதல்ல அனுப்பித் தொலைடா."