ஆளறியும் துப்பாக்கி

செண்பகராஜ் இயந்திரத் துப்பாக்கியின் மேலேயே பாய்ந்து விழுந்து, கொதிக்கும் மூடியைத் திறக்கப் போராடினான்.

"சுடாதே சனியனே! அது நம்ம இசக்கிடா!"

"முகம் பதிவில் இல்லை. அந்நியர்," என்றபடி துப்பாக்கி குண்டுகளைப் பொழிந்தது.

லீவு முடிந்து எல்லை முகாமுக்குத் திரும்பிய இசக்கி, வாசலுக்கு எதிரே ஒரு பாறைக்குப் பின்னால் பதுங்கி அலறினான். "அண்ணே, சீக்கிரம்ணே!"

செண்பகராஜுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தண்ணீர் ஊற்றிக் குளிரவைத்த அந்தக் காலத்துத் துப்பாக்கிக்குச் சுடவே நாலு பேர் வேண்டும். பின்னால் வந்ததற்கு ஒருத்தன் போதும். தானே ஆள் பார்த்துச் சுடும் இந்தப் புது மாடலுக்கோ, சுடாமல் தடுக்க ஓர் ஆள் வேண்டியிருக்கிறது!

ஒருவழியாக மூடி திறந்தது. தோட்டா பெல்ட்டை உருவி எறிந்தான். துப்பாக்கி அடங்கியது.

"வாடா வெளியே! முகாம்ல எல்லாரையும் தெரிஞ்ச இதுக்கு உன்னை மட்டும் ஏன்டா தெரியலை?"

இசக்கி எழுந்து வெளியே வந்தான். மழித்த தலை வெயிலில் மின்னியது. மீசையும் இல்லை.

"திருச்செந்தூர்ல மொட்டை போட்டேன்ணே."

"இப்ப எதுக்குடா?"

"இந்தப் புதுத் துப்பாக்கி தப்பித் தவறி நம்ம ஆளு யாரையும் சுட்டுடக் கூடாதுன்னு வேண்டுதல்ணே."