கூரைக்குப் போன படங்கள்

பிளீச்சிங் பவுடர் கரைத்த வாளியிலிருந்து எக்ஸ்ரே படத்தைத் தூக்கிய லிஃப்ட் மெக்கானிக்கின் கை அந்தரத்திலேயே நின்றுவிட்டது.

படத்தின் கீழ்ப்பாதி கரைந்து கண்ணாடி மாதிரி ஆகியிருந்தது. மேல்பாதியில் இன்னும் எலும்புகள் இருந்தன.

இடது காறை எலும்பின் மேல் ஒரு தகடு. அதில் வரிசையாகத் திருகாணிகள். கடைசித் திருகாணி மட்டும் கோணல்.

அந்தக் கோணலை அவருக்குத் தெரியாதா என்ன? மனைவி ஸ்கூட்டரிலிருந்து விழுந்து தோளை உடைத்துக்கொண்டபோது டாக்டர் முடுக்கியது அது. தன்னிடம் விட்டிருந்தால் நேராக முடுக்கியிருப்பேன் என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சொல்லி, அவளிடம் வாங்காத முறைப்பில்லை.



ஓய்வு பெற்ற நாளிலிருந்து மனிதர் காயலான் கடையே கதி என்று கிடந்தார். கொல்லையில் நாற்று வளர்க்க ஒரு கூடாரம் கட்டிக்கொண்டிருந்தார். கொசுவலைக் கம்பிகள் தூண்களாயின. இடித்த வீட்டின் ஜன்னல் சட்டம் கதவாயிற்று. யாரோ கழித்துப் போட்ட கட்டிலின் மேல் தக்காளியும் கத்தரியும் முளைவிட்டுக்கொண்டிருந்தன. மனைவி அதற்கு அரண்மனை என்று பெயர் வைத்திருந்தாள். பெருங்காற்று அடித்தால் ராஜா முதலில் ஓடி வந்துவிட வேண்டும் என்பது அவள் போட்ட சட்டம்.

கூரைக்குத்தான் கண்ணாடி வாங்கிக் கட்டுப்படியாகவில்லை.

மூடிப்போன ஒரு ஸ்கேன் சென்டரின் எக்ஸ்ரே படங்கள் காயலான் கடையில் கட்டுக்கட்டாகக் கிடப்பதைப் பார்த்ததும் அவருக்குப் பொறி தட்டியது. ஊறப்போட்டுத் தேய்த்தால் கறுப்பு கழன்றுவிடும். மழைக்கும் வெயிலுக்கும் அசையாத தகடு, அதுவும் கொள்ளை மலிவில்.

ஆனால் அவருக்கென்று ஒரு நியாயம் இருந்தது. ஊரார் நோவை வேடிக்கை பார்க்கக் கூடாது. அதனால் படத்தைக் கையில் எடுத்ததும் பெயர் இருக்கிற ஓரத்தைப் படிக்காமலே கத்தரித்துவிடுவார். பிறகு கவிழ்த்து வாளியில் போட்டால், கறுப்பு போகும்வரை அந்தப் பக்கமே திரும்ப மாட்டார்.

இந்தப் படம் மட்டும் முழுசாக முங்காமல் முரண்டு பிடித்தது. அதனால்தான் தூக்கிப் பார்த்தார்.

தகட்டுக்குக் கீழே, நெஞ்சுக்கூட்டுக்குள், எலுமிச்சை அளவுக்கு ஒரு வெளுப்பு.

பவுடர் தின்ற இடமா? இல்லை, அவளுக்குள்ளேயே இருப்பதா?

பார்த்துக்கொண்டிருக்கும்போதே சொட்டுச் சொட்டாக நீர் இறங்கி, விலா எலும்புகள் ஒவ்வொன்றாக மங்கத் தொடங்கின. பதறிப்போய், பக்கத்தில் இருந்த பூவாளியைப் பிடுங்கி நல்ல தண்ணீரை அதன்மேல் ஊற்றினார். மருந்தை அலசிவிட்டால் நின்றுவிடும் என்று நினைத்தார். ஊறி இளகியிருந்த கறுப்பு தண்ணீரோடு சேர்ந்து அவர் பாதத்தின்மேல் வழிந்தது.

ஐயோ என்று வாய்விட்டே சொல்லிவிட்டார். வெளுப்பு இருந்த இடம், இல்லாத இடம் எல்லாம் ஒன்றாகிவிட்டது. தோள்பட்டை மட்டும்தான் மிச்சம்.

கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தார். இது பழைய படமாகத்தான் இருக்கும், அவள் விழுந்தபோது எடுத்தது, அலமாரியை ஒழித்தபோது இந்தக் கட்டோடு சேர்த்து வைத்திருப்பாள் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். சொல்லிக்கொண்டபிறகுதான் கொஞ்சம் மூச்சு வந்தது.

மனைவி டீயோடு கொல்லைக்கு வந்தாள். கூடாரத்து வாசலில் குனிந்து நுழைகிறபோது வழக்கமாக ராஜாவை ஏதாவது கேலி செய்வாள். இன்றைக்கு அவர் கையில் இருந்ததைப் பார்த்தாள். டீயைக் கீழே வைத்தாள்.

“ஏம்மா, இது நீ விழுந்தப்ப எடுத்த பழைய படம்தானே?” என்றார். ஆமாம் என்று சொல்லிவிடேன் என்று கெஞ்சுகிற மாதிரி இருந்தது அவர் குரல்.

அவள் குனிந்து முந்தானையால் அவர் பாதத்தில் இருந்த கறுப்பைத் துடைத்துவிட்டாள்.

“அக்கா வீட்டுக்குன்னு போனதெல்லாம் ஆஸ்பத்திரிக்குத்தாங்க. ஒவ்வொரு தடவையும் புதுசா எடுக்கறாங்க. எனக்கு வாயைத் திறந்து சொல்ல வரலை. ஒரு ஆணின்னாகூட நீங்க வெளிச்சத்துல திருப்பித் திருப்பிப் பாக்கற ஆளாச்சே, பாத்துடுவீங்கன்னு இந்தக் கட்டுல கொண்டுவந்து வெச்சேன்.” கொஞ்சம் நிறுத்தினாள். “இது மூணாவது.”

அவர் தலையைத் தூக்கிக் கூரையைப் பார்த்தார். எல்லாத் தகடுகளும் பளிச்சென்று இருந்தன. எவை அவளுடையவை என்று அவருக்குத் தெரியவில்லை.