ஏப்ரல் பன்னிரண்டு

பனி ஹாக்கி அணியின் கேப்டன் ரோப்பே, வந்ததும் வராததுமாகக் கல்யாணப் பத்திரிகையை மேஜைமேல் வீசினான்.

“ஏப்ரல் பன்னிரண்டாம்! பிளே-ஆஃப் நடக்கிற நேரத்துல ஹாக்கிக்காரன் எவனாவது கல்யாணம் வைப்பானா?”

காபி ஊற்றிக்கொண்டிருந்த மனைவி இல்மா சிரித்தாள். “கடைசி இடத்துல இருக்கீங்க. உங்களுக்கு என்ன பிளே-ஆஃப்?”

“இன்னும் ஆறு மேட்ச் இருக்கு. ஆறையும் ஜெயிச்சா உள்ளே போயிடுவோம்.”

“பதினாறு மேட்ச் இருந்தப்பவும் இதையேதான் சொன்னே.”

“தோத்துடுவோம்னு மாப்பிள்ளை முடிவே பண்ணிட்டார் பாரு, அதான் எனக்கு ஆத்திரம்!”

“பாவம், நீங்க ஆடற லட்சணத்தைப் பார்த்துட்டுத் தேதி குறிச்சிருப்பார்.”

“அதுதான் இல்லை! ஹெல்சிங்கியில மண்டபத்தைப் போன ஆகஸ்ட்லயே பிடிச்சிட்டாராம். பத்திரிகை குடுக்கும்போது அவரே சொல்றார்.”

“ஆகஸ்ட்லயா? அப்ப சீசனே ஆரம்பிக்கலையே! யாருப்பா அந்த மாப்பிள்ளை?”

“அதே ஆகஸ்ட்ல எங்களை வரிசையா நிக்க வச்சு, ‘இந்த வருஷம் கோப்பை நமக்குத்தான்’னு தொண்டை கிழியக் கத்தினாரே, எங்க கோச்!”

இல்மா காலண்டரில் ஏப்ரல் பன்னிரண்டைச் சுற்றி வட்டம் போட்டாள்.

“நல்ல கோச்! ஒரு மேட்ச்கூட ஆடறதுக்கு முன்னாடியே உங்களைச் சரியா எடை போட்டிருக்காரே!”